கார்த்திகேசு பிரித்த பந்தி

செராஸ் பக்கம் ரோட்டு வேலை நடந்தப்ப கார்த்திகேசுவைப் பார்த்தவங்க, இவன் பிறக்கும்போதே பேசிக்கிட்டுப் பிறந்தவன்னுதான் நினைப்பாங்க. மலாயில மேஸ்திரி மண்டோரை அதட்டுவான், இங்கிலீஷ்ல துரைக்குப் பதில் சொல்லுவான், தமிழ்ல கூலியாட்களைச் சமாதானம் பண்ணுவான், எல்லாம் ஒரே மூச்சுல. "இந்தச் சாமர்த்தியத்தை எங்க சார் கத்துக்கிட்டீங்க?"ன்னு யாராச்சும் கேட்டுட்டா மட்டும் முகம் கறுத்துடும். "காலேஜ்ல"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டு அளவுக் கம்பியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவான். ஏன் அப்படிப் போவான்னு கேட்குறீங்களா? சொல்றேன். சொல்ற எனக்கே கொஞ்சம் கூசுது.

சின்ன வயசுல அவனைக் கூச்சப்படுற பிள்ளைன்னு சொன்னா அது பத்தாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல அவங்க வீடு. விருந்தாளி யாராச்சும் வந்தா, முன்வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதுமே ஆள் பின்வாசல் வழியா மாயமா மறைஞ்சுடுவான். அப்பா விநாயகமூர்த்தி ரயில்வேல கிராணி, அதாவது கிளார்க். "இவன்ர வாயில என்ன கொழுக்கட்டையோ?"ன்னு அவர் கேட்காத நாள் கிடையாது. அம்மா குணபூசணி மட்டும், "கதைக்காவிட்டாலும் படிக்கிறான்தானே, விடுங்கோ"ன்னு சொல்லுவாங்க. படிச்சான், அதுல குறை சொல்ல முடியாது.

அந்தப் படிப்பு அவனைக் கோலாலம்பூர்லயே ஒரு கல்லூரியில கொண்டு போய்ச் சேர்த்துது. ரோடு போட, பாலம் கட்ட, நிலம் அளக்க ஆள் தயார் பண்ற கல்லூரி. பேர் எதுக்கு, விடுங்க. வீடு அடுத்த தெருவுலயே இருந்தாலும் ஹாஸ்டல்ல தங்கித்தான் படிக்கணும்ங்கிறது அங்க சட்டம். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பிடணும். ஹாஸ்டல்ல மூணு சாப்பாட்டு அறை. மலாய்க்காரப் பையன்களுக்கு ஒண்ணு, சீனப் பையன்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. நம்ம அறையில பாதிக்கு மேல யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க. மிச்சம் ரெண்டு மூணு மலையாளி, கிளாரன்ஸ், இக்னேஷியஸ்னு ரெண்டு வேதக்காரப் பையன்க. சமையலுக்கு வேலாயுதம்னு ஒரு யாழ்ப்பாணத்து மனுஷன்.

அந்த அறைக்கு மாணவர்களே ஒரு மெஸ் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுப்பாங்க. வேலாயுதத்தோட மல்லுக்கட்டி முடியாம பழைய செக்ரட்டரி பாதியில ஓடிப் போயிட்டான். அடுத்து யாருன்னு கூட்டம் போட்டப்ப, எவனோ ஒரு குறும்புக்காரன் பின்னாலேருந்து "கார்த்திகேசு!"ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கிட்டாங்க. வேணாம்னு சொல்லணும்னா எழுந்து நின்னு பேசணும். அதுக்குப் பயந்துக்கிட்டே பதவியை வாங்கிக்கிட்டான்!

முதல் கூட்டத்துல நடவடிக்கைக் குறிப்பைப் படிச்சப்ப முன்வரிசையைத் தாண்டி ஒருத்தனுக்கும் கேட்கல. ஆனா பாருங்க, பொறுப்பு ஒண்ணு தலையில விழுந்துட்டா மனுஷனுக்குக் குரல் வந்துடுது. விடிகாலையில வேலாயுதத்தோட பாசாருக்குப் போய் மீன்காரன்கிட்ட பேரம் பேசினான். தண்ணியா ஓடுன சாம்பாரை நிறுத்தினான். மழைக்கு ஒழுகுன கூரையைப் பத்தி பிரின்சிபால் துரைக்கு அவன் எழுதுன கடிதாசியைப் பார்த்து, துரையே நேர்ல வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போனார். ஆறே மாசத்துல வாதக் கழகத்துக்கும் அவன்தான் துணைச் செயலாளர். "உங்கட மகன் நேற்று மேடையில விளாசித் தள்ளினானாம்"னு யாரோ சொல்லப் போக, விநாயகமூர்த்தி அன்னைக்கே மகனுக்கு ஒரு கழுத்துப் பட்டி, அதான் டை, வாங்கிட்டு வந்துட்டார்.

அந்த வருஷம்தான் அய்யாவு சேர்ந்தான். கிள்ளானுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுறவங்க, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்குறவங்க. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல தொடங்கி, கிள்ளான்ல இங்கிலீஷ் படிச்சு, பரிட்சையில முதல் ஆளா வந்து உபகாரச் சம்பளம் வாங்கிட்டு வந்தவன். அவன் பிளான் வரைஞ்சா கோடு தலைமுடி கணக்கா மெல்லிசா விழும். கார்த்திகேசு வரைஞ்சாலோ தாள் பூரா மை. "கையை அமுக்காத கார்த்தி, பேனா தானாப் போகும்லா"ன்னு அய்யாவு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பான். இங்கிலீஷ்ல எழுந்து பேச அவனுக்குத் தடுமாறும், அதைக் கார்த்திகேசு சரி பண்ணுவான். படிக்கிற அறையில ஒரே விளக்கு, ஒரே மேசை, சாப்பாட்டு அறையில ஒரே பலகை. கார்த்திகேசுவுக்கு முதன்முதலா சிநேகிதன்னு ஒருத்தன் கிடைச்சான்.

ரெண்டு மாசம் ஆகியிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை முத்துக்குமாரு மாமா பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார். சொந்த மாமா இல்ல, ஊர்முறையில மாமா. பெரிய ஆபீஸ் ஒண்ணுல தலைமைக் கிராணி. வேலைக்கு மனுப் போடுற பையன்களோட கடிதாசியெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் துரைகிட்ட போகணும். அவரோட மகன்க ரெண்டு பேரும் அதே ஹாஸ்டல்ல. கார்த்திகேசு இப்பவெல்லாம் பின்வாசல் வழியா ஓடுறதில்ல, எதிர்ல வந்து உக்காந்தான்.

"என்ன தம்பி, மெஸ் எல்லாம் திறமா நடத்திறியாம்."

"ஓம் மாமா."

"புதுசா ஒரு பெடியன் வந்திருக்கிறானாம், கிள்ளான் பக்கம். அவை என்ன ஆக்கள்?"

யாழ்ப்பாணத்தார் வீட்டுல இந்தக் கேள்வி வந்தா, என்ன வேலை பார்க்குறவங்கன்னு அர்த்தம் இல்ல. எந்தச் சாதின்னு அர்த்தம். கார்த்திகேசுவுக்கும் அது விளங்கிடுச்சு.

"தெரியாது மாமா. தோட்டத்து ஆக்கள்."

"எனக்குத் தெரியும், விசாரிச்சிட்டன். எங்கட பெடியளோட ஒரே பலகையில இருந்து சாப்பிடுறானாம். கேள்விப்பட்டதில இருந்து வீட்டில என்ர மனிசி ஒழுங்காச் சாப்பிடேல்லை." முத்துக்குமாரு குரலைத் தாழ்த்திக்கிட்டார். "சண்டை சச்சரவு வேண்டாம். எழுத்தில ஒண்டும் வரப்படாது, துரைக்கும் தெரியப்படாது. நீ கெட்டிக்காரன். ஒரு வழி பாப்பாய்தானே?"

மேடை ஏறி விளாசித் தள்ளுறவன் அன்னைக்கு என்ன சொல்லியிருக்கணும்? "அவன் என் சிநேகிதன் மாமா"ன்னு நாலு வார்த்தை. அவன் சொன்னது ரெண்டு வார்த்தை. "ஓம் மாமா."

வழியும் பார்த்தான். பாவி, எவ்வளவு அழகாப் பார்த்தான் தெரியுமா! வெளியில போய் நிலம் அளக்குற பயிற்சி இருக்கிறவங்களுக்கும் ஓட்டப் பந்தயக்காரங்களுக்கும் பதினொன்னரைக்கு முதல் பந்தி, மத்தவங்களுக்குப் பன்னிரண்டேகாலுக்கு ரெண்டாம் பந்தின்னு ஒரு அட்டவணை போட்டான். அய்யாவு பேரை முதல் பந்தியில எழுதினான். ஒத்தை ஆளா இருந்தா பளிச்சுன்னு தெரிஞ்சுடுமே, அதனால கிளாரன்ஸையும் இக்னேஷியஸையும் கூடச் சேர்த்தான். பயிற்சிக்குப் போற யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க இன்னும் நாலு பேர் இருந்தாங்க. அவங்க பேருக்கு நேரா மட்டும் வேற வேற காரணம் எழுதி ரெண்டாம் பந்திக்குத் தள்ளிட்டான். சாதிங்கிற சொல் அந்தத் தாள்ல எங்கயும் இல்ல. சுத்தமான வேலை.

அட்டவணையை அறைக் கதவுல ஒட்டிட்டுத் திரும்புனா வேலாயுதம் நிக்கிறார்.

"தம்பி, தட்டு?"

"என்ன தட்டு, அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதையும். அந்தப் பெடியனுக்குத் தட்டு வேறயோ?"

கார்த்திகேசு கால்ல கிடந்த சப்பாத்தைக் குனிஞ்சு பார்த்தான். வேணாம்னு சொல்ல வாய் வந்துச்சு. முத்துக்குமாருவோட மகன்க ரெண்டு பேரும் வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தாங்க. "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யுங்கோ"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டான். வேலாயுதம் ஒரு பீங்கான் தட்டோட அடியில ஆணியால கோடு கிழிச்சுத் தனியா எடுத்து வச்சார்.

அன்னைக்கு ராத்திரி படிப்பு மேசையில அய்யாவு சொன்னது இதுதான்: "எனக்காகத்தானே நேரத்தை மாத்தின? நான் வெறும் வயித்தோட வெயில்ல அளவெடுக்கப் போறதைப் பார்த்துட்டுத்தானே? ரொம்ப நன்றி, கார்த்தி." கார்த்திகேசுவுக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னான். அடக்கமான பையன்னு அய்யாவு நினைச்சிருப்பான், வேற என்ன?

கிளாரன்ஸ் அவ்வளவு லேசுல விடுறவன் இல்ல. அவங்கப்பா ரயில்வேல பிட்டர், இவனுக்கும் அதே இரும்பு வாய். ஒரு வாரம் கழிச்சுக் கார்த்திகேசுவைக் குளியலறைப் பக்கம் மடக்கினான். "என் தட்டைத் திருப்பிப் பார்த்தேன், கோடு இல்ல. இக்னேஷியஸ் தட்டுலயும் இல்ல. அவன் தட்டுல மட்டும் ஏன் கோடு? நாங்க ரெண்டு பேரும் என்னலா, உன் திருட்டுக்குத் திரைச்சீலையா?" கார்த்திகேசு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அவன்கிட்ட சொல்லிடாத கிளாரன்ஸ்"னு கெஞ்சினான். நல்ல பிள்ளை! தப்பைத் திருத்துறேன்னு சொல்லல, சொல்லிடாதேன்னான். "நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு"ன்னுட்டு கிளாரன்ஸ் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, துரைக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நெரிசல் இல்லாம, சத்தம் இல்லாம சாப்பாடு நடக்குதுன்னு மத்த ரெண்டு அறைக்கும் அதையே போடச் சொன்னார். கடைசி வருஷம் வந்தப்ப, கூப்பிட்டு உக்காரவச்சு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கையில குடுத்தார். இந்த இளைஞன் பல தரப்பு ஆட்களையும் யார் மனசும் நோகாம ஒரே இடத்துல நடத்திச் செல்லும் அரிய பக்குவம் உடையவன்னு இங்கிலீஷ்ல அழகா அச்சடிச்சிருந்துச்சு. யார் மனசும் நோகாம! கார்த்திகேசு அதைப் படிச்சுட்டு வராந்தாத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். யாரோ தன் சட்டையைக் கழட்டிட்டு நடுத்தெருவுல நிறுத்தி வச்ச மாதிரி இருந்துச்சாம்.

அன்னைக்கு வியாழக்கிழமை. ஐப்பசி மாசம், கந்த சஷ்டி விரதம் தொடங்கி நாலாம் நாள். இனிமே தாங்காதுன்னு முடிவு பண்ணி, வரைபட அறையில தனியா உக்காந்திருந்த அய்யாவுகிட்ட போனான். நின்னபடியே எல்லாத்தையும் கொட்டினான். மாமா வந்தது, அட்டவணை போட்டது, தட்டு, எல்லாம். அய்யாவு பேனாவைத் துடைச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னான்.

"எனக்குத் தெரியும் கார்த்தி. ரெண்டாம் நாளே தெரியும். என் தட்டைக் கழுவுறது நான்தானே? அடியில கோட்டைப் பார்த்தேன்."

"பிறகு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்ல? சண்டை போட்டா உபகாரச் சம்பளம் போயிடும். என் அம்மா நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல மரம் வெட்டுது." அவன் குரல் உயரவே இல்ல. "நீயா வந்து சொல்றியான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணரை வருஷம் ஆச்சு."

கார்த்திகேசுவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "நான் என்ன செய்யணும், சொல்லு. செய்யுறேன்."

"ஒரு நாள் எல்லாரும் பார்க்க என்னோட உக்காந்து சாப்பிடு. அது போதும்."

"சாப்பிடுறேன். சத்தியமா. ஆனா இப்ப சஷ்டி விரதம், பாலும் பழமும்தான் எடுக்குறேன். உனக்கு அது…" எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நிறுத்தினான்.

"எனக்கும் விரதம்தான். நாலு நாளா நான் சாப்பாட்டு அறைப் பக்கமே வரல. கிளாரன்ஸ்தான் வாழைப்பழம் வாங்கித் தர்றான்."

பந்தியில யார் வந்தாங்க, யார் வரலைன்னு தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய மெஸ் செக்ரட்டரிக்கு அது தெரியல. முருகன் தனக்கு மட்டும்தான் சொந்தம்னு அவனுக்கு எங்கயோ ஒரு நினைப்பு இருந்திருக்கு. அதை நினைச்சப்ப வந்த வெட்கம், மத்த எல்லா வெட்கத்தையும் விடப் பெருசா இருந்துச்சு.

"அப்ப ஞாயித்துக்கிழமை பாறணையை ஒண்ணாப் பண்ணுவோம்"னு அவசரமாச் சொன்னான். பாறணைன்னா ஆறு நாள் விரதத்தை ஏழாம் நாள் காலையில சோறு சாப்பிட்டு முடிக்கிறது. "சனிக்கிழமை சாயங்காலம் கோயில்ல சூரன்போர் பார்த்துட்டு வீட்டுல தங்குவேன். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் இங்க வந்துடுறேன்."

"எங்க தோட்டத்துக் கோயில்ல பாறணை வைப்பாங்க, அம்மா எதிர்பார்க்கும். பரவாயில்ல, நீ வர்றேன்னா நான் இங்கயே இருக்கேன்"னு அய்யாவு சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கூட்டத்துல சூரன் விழுந்து, எல்லாரும் அரோகரா போட்டு முடிச்ச நேரம், முத்துக்குமாரு மாமா கார்த்திகேசு தோள்ல கையைப் போட்டார். "தம்பி, எங்கட ஆபீசில ஒரு இடம் விழுந்திருக்கு. திங்கட்கிழமை உன்ர மனுவைத் துரையின்ர மேசையில வைக்கப் போறன். நாளைக்குக் காலமை எங்கட வீட்டில பாறணை. அந்த நற்சாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வா." பக்கத்துல அப்பா நின்னார். முகமெல்லாம் மலர்ச்சி.

"மாமா, ஹாஸ்டல்ல காலமை ஒரு…"

"ஹாஸ்டல்ல என்ன?"

சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகுதுன்னு துரைக்கே எழுதுனவன், நாப்பது பேர் முன்னால நின்னு வாதாடி ஜெயிச்சவன். அத்தனை பேச்சும் எங்கதான் போச்சோ தெரியல.

"ஒண்டுமில்லை மாமா."

ஞாயித்துக்கிழமை காலையில முத்துக்குமாரு வீட்டுக் கூடத்துல தலைவாழை இலை விரிச்சாங்க. மாமாவோட மகள் குணேஸ்வரி கத்தரிக்காய்ப் பால்கறி பரிமாறினா. சுவத்துல கடிகாரம் ஏழரை காட்டுச்சு. இப்ப எழுந்து சைக்கிளை மிதிச்சாக்கூட எட்டுக்குள்ள போயிடலாம்னு நினைச்சான். எட்டரை காட்டுச்சு, பாயசம் வந்துச்சு. மாமா பத்திரத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிச்சார். அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. குணேஸ்வரி ரெண்டாம் தரம் சோறு வச்சா, கார்த்திகேசு அதையும் சாப்பிட்டான்.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஹாஸ்டலுக்குத் திரும்பினான். யார் கண்ணுலயும் படாம அறைக்குப் போயிடலாம்னு சமையற்கட்டு வழியா நுழைஞ்சான். அங்க வேலாயுதம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"வந்திட்டீரோ. அந்தப் பெடியன் காலமை ஆறு மணிக்கு எழும்பி, குளிச்சு, தானே பின்வளவில ரெண்டு இலை வெட்டிக்கொண்டு வந்தவன். 'இலையெண்டால் உங்களுக்குத் தனித் தட்டு எடுக்கிற கரைச்சல் இல்லைதானே அண்ணே' எண்டான். எதிரும் புதிருமாப் போட்டிட்டு வாசலைப் பாத்தபடி இருந்தான்."

கார்த்திகேசு சமையற்கட்டுக் கதவைச் சாத்தினான்.

"எட்டு மணியாச்சு, ஒன்பது மணியாச்சு. சாப்பிடும் எண்டு சொன்னன், கேக்கேல்லை. 'கார்த்திக்கு உடம்புக்கு ஏதும் ஆகியிருக்குமோ' எண்டு ரெண்டு தரம் என்னட்டக் கேட்டான். பத்தரை ஆச்சு. ஆறு நாள் காஞ்ச வயிறு, ஒரு பருக்கை உள்ளுக்குப் போகேல்லை."

"பிறகு?"

"பிறகு என்ன, அவனை அப்பிடியே விடேலுமே? உமக்குப் போட்ட இலையில நான் போய் இருந்தன். நான் கை வைச்ச பிறகுதான் அவன் கை வைச்சான். ரெண்டு பேருமாச் சாப்பிட்டம்."

வேலாயுதம் வெங்காயத் தோலைத் தட்டி ஓரமாத் தள்ளினார். "மேல அறையிலதான் இருக்கிறான். போய்ப் பாரும்"னார்.

மாடிக்குப் பதினாறு படி. கார்த்திகேசு கைப்பிடியில கையை வச்சான், ஏறல. விளக்கு ஏத்துற நேரம் வரைக்கும் அங்கேயே நின்னுட்டு, வந்த வழியே வெளிய போயிட்டான்.